முகத்துக்குப் பின்னால் தொங்குவது என்ன?



ஞாயிற்றுக்கிழமை தமிழ் நாளிதழைக் கையில் எடுப்பவர்களில் பெரும்பாலோர் நினைவஞ்சலிப் பக்கத்தை ஒருமுறை பார்க்காமல் மடித்து வைப்பதில்லை. தெரிந்த முகம் எதுவும் இருக்கிறதா என்று கண்கள் தேடும். அந்தப் பக்கத்தில் வரும் படங்களைச் சற்று உற்றுக் கவனித்திருக்கிறீர்களா? ஒருவருடைய தோளில் வேறு யாருடைய கையோ கிடக்கும். ஏதோ ஒரு திருமணக் கூட்டத்தில் எடுத்த படத்திலிருந்து வெட்டி எடுத்தது அது. இன்னொருவர் கடப்பிதழுக்காக எடுத்த படத்தில் திடுக்கிட்டு விழித்துக் கொண்டிருப்பார். எண்பது ஆண்டுகள் வாழ்ந்து, பிள்ளைகளை வளர்த்து, பேரப்பிள்ளைகளையும் தூக்கிய ஒரு மனிதருக்கு அமைதியாக உட்கார்ந்து எடுத்த படம் ஒன்றுகூட வீட்டில் இருந்திருக்காது.

இந்தக் குறையைத் தீர்க்கக் கூடியவர்கள் இன்று நம் தாமான்களிலேயே இருக்கிறார்கள். வீட்டின் ஓர் அறையை ஒதுக்கிச் சிறிய ஸ்டூடியோ நடத்துபவர்கள். குழந்தையின் முதல் பிறந்தநாள், வளைகாப்பு, பட்டமளிப்பு, தீபாவளிக் குடும்பப் படம் என்று அவர்களுக்கு வேலை வருகிறது. இவர்களில் பலர் கேமராவுக்கு ஐயாயிரம் வெள்ளி கொடுக்கத் தயங்குவதில்லை. ஆனால் ஆளுக்குப் பின்னால் தொங்கும் திரைக்கு ஐம்பது வெள்ளியே அதிகம் என்று நினைக்கிறார்கள். படத்தில் முகத்தைவிடப் பெரிய இடத்தைப் பிடித்துக் கொள்வது அந்தத் திரைதான் என்பதை ஏனோ மறந்து விடுகிறார்கள்.

கிள்ளானில் ஒரு பெண்மணி. பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். கணவர் துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறார். இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு வேலையை விட்டுவிட்டு, வீட்டின் பின்னறையில் படம் எடுக்கத் தொடங்கினார். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. பழைய கேமரா ஒன்று, விளக்குகள் இரண்டு. பின்னணித் திரையை மட்டும் இணையச் சந்தையில் வாங்கினார். வெள்ளை, கருப்பு, பச்சை என மூன்று திரைகளும், அவற்றைத் தொங்கவிடும் கம்பிகளும் ஒரே பொட்டலமாக வந்து சேர்ந்தன. விளம்பரத்தில் துணி என்று எழுதியிருந்தது. கையில் எடுத்தால், பேரங்காடியில் தரும் மறுபயன்பாட்டுப் பை போல இருந்தது. உண்மையில் இரண்டும் ஒரே பொருள்தான். பொலிபுரொப்பிலின் என்ற பிளாஸ்டிக்கை இழையாக்கி, நெய்யாமல் சூட்டில் அழுத்தி ஒட்டியது.

மடித்து அனுப்பியிருந்ததால் திரை முழுவதும் கட்டம் கட்டமாக மடிப்புக் கோடுகள். அந்த அம்மையார் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கித் திரையின் மேல் வைத்தார். பருத்தித் துணிக்கு வைக்கும் சூடு ஏறக்குறைய 200 பாகை. இந்தப் பிளாஸ்டிக்கோ 160 பாகையைத் தாண்டினாலே உருகிவிடும். திரையில் இஸ்திரிப் பெட்டியின் வடிவத்திலேயே ஓர் ஓட்டை விழுந்தது. அந்த இடத்தைக் கீழே தள்ளித் தொங்கவிட்டு வேலையைத் தொடங்கிவிட்டார்.

ஒரு சனிக்கிழமை இரண்டு பேத்திகள் தங்கள் பாட்டியை அழைத்து வந்தார்கள். பாட்டிக்கு வயது எண்பத்திரண்டு. தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை ஆளாக்கியவர். வெள்ளைச் சேலை, வெள்ளை முடி, நல்ல கருத்த முகம். இடது முன்கையில் சிறு வயதில் பச்சை குத்திய தேள் ஒன்று. “நல்லா ஒரு படம் எடுத்துக் கொடுங்க அக்கா, வீட்டில் மாட்டணும்” என்றார்கள் பேத்திகள். எதற்காக மாட்டப் போகிறார்கள் என்பது பாட்டிக்கும் தெரியும், பேத்திகளுக்கும் தெரியும். யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

வெள்ளைத் திரைக்கு முன்னால் பாட்டியை உட்கார வைத்தார். படம் வந்தபோது முடி எங்கே முடிகிறது, திரை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. சேலையும் திரையோடு கரைந்து போயிருந்தது. முகம் மட்டும் இருட்டுக்குள் கிடந்தது. பின்னால் மடிப்புக் கோடுகள் பாட்டியின் தலைக்குமேல் சிலுவை போட்டிருந்தன. அந்த அம்மையார் என்ன செய்தார்? பலரும் செய்வதைத்தான் செய்தார். கணினியில் ஏற்றி முகத்தை வெளுக்க வைத்தார், தோலை மழமழப்பாக்கினார். சுருக்கங்கள் போயின. கையிலிருந்த தேளும் போயிற்று.

படத்தைக் கொடுத்தபோது மூத்த பேத்தி நெடுநேரம் பார்த்தாள். “அக்கா, பாட்டி கையில இருக்குற பச்சையக் காணோமே” என்றாள். பாட்டி மூக்குக் கண்ணாடியை மாட்டிக் கொண்டு பார்த்துவிட்டு, “யாரும்மா இது?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார்.

வாங்கிய 120 வெள்ளியை அந்த அம்மையார் அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

தவறு எங்கே நடந்தது? முதலில் கேமராவை எடுத்துக் கொள்வோம். தானாக ஒளியை அளக்கும் கேமரா, தன் எதிரே இருப்பவை எல்லாம் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக் கொண்டுதான் அளக்கிறது. சட்டம் முழுவதும் வெள்ளையாக இருந்தால், வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். திரை சாம்பலாகும், கருத்த முகம் மேலும் இருண்டு போகும். சட்டம் முழுவதும் கருப்பாக இருந்தால் இதற்கு நேர்மாறாக நடக்கும். முகம் வெளிறிப் போய்விடும். ஆகவே ஒளியை முகத்தில் அளக்க வேண்டும், திரையில் அல்ல. பத்து, இருபது வெள்ளிக்குக் கிடைக்கும் சாம்பல் நிற அட்டை ஒன்றை முகத்தருகே பிடித்து அளந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

நம்முடைய நிறத்துக்கும் படக்கருவிகளுக்கும் உள்ள மனத்தாங்கல் இன்று நேற்று வந்ததல்ல. கோடாக் நிறுவனம் வண்ணப் படங்களை அச்சிடும் கூடங்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பி வந்தது. அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவருடைய தோல் நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பதே கணக்கு. கருத்த தோலின் நுணுக்கங்கள் படத்தில் விழுகின்றனவா என்று பல ஆண்டுகள் யாரும் கவலைப்படவில்லை. சாக்லேட் விளம்பரத்திலும் மரச்சாமான் விளம்பரத்திலும் பழுப்பு நிறங்கள் சரியாக வரவில்லை என்று அந்த வியாபாரிகள் முறையிட்டது, பிலிம் மேம்பட ஒரு காரணமாக இருந்தது என்று சொல்வார்கள். பல இனப் பெண்களை ஒன்றாக நிறுத்திய மாதிரி அட்டை 1990-களில்தான் வந்தது. இன்றைய கருவிகள் எவ்வளவோ தேறிவிட்டன. இனி அவற்றின்மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க முடியாது.

அடுத்தது திரை. பாட்டி அதன்மேல் சாய்ந்து கொள்ளும் அளவுக்கு நெருங்கி உட்கார்ந்திருந்தார். திரைக்கும் ஆளுக்கும் இடையே குறைந்தது ஒன்றரை மீட்டர் இருக்க வேண்டும். இடைவெளி இருந்தால் நிழல் திரையில் விழாது, திரையின் சிறு சுருக்கங்களும் மங்கிவிடும். சின்ன அறையில் இடம் ஏது என்று கேட்கலாம். அறைக் கதவைத் திறந்து வைத்து, படம் எடுப்பவர் வரவேற்பறையில் நின்று எடுக்கலாமே. யார் தடுக்கிறார்கள்?

இந்த இடைவெளியில் இன்னொரு வசதியும் ஒளிந்திருக்கிறது. விளக்கிலிருந்து இருமடங்கு தூரம் போனால் ஒளி கால் பங்காகக் குறையும். மும்மடங்கு போனால் ஒன்பதில் ஒரு பங்கு. பாட்டியின் முகம் விளக்கிலிருந்து ஒரு மீட்டரில் இருந்து, திரை மூன்று மீட்டரில் இருந்தால், வெள்ளைத் திரையே சாம்பல் நிறமாகத் தெரியும். சாம்பல் திரை ஏறக்குறைய கருப்பாகிவிடும். அதே சாம்பல் திரைமேல் தனியாக ஒரு விளக்கைத் திருப்பினால் வெளிர் நிறமாகும். ஆக, ஒரே ஒரு திரை வாங்கத்தான் காசு இருக்கிறது என்றால் சாம்பல் வாங்குங்கள். வெள்ளையைத்தான் எல்லாரும் முதலில் வாங்குகிறார்கள். ஆனால் வெள்ளையை வெள்ளையாகக் காட்ட, முகத்தில் விழுவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு ஒளி திரையில் விழ வேண்டும். அதற்கு மேலும் இரண்டு விளக்குகள் தேவை. மலிவான வெள்ளைத் திரை கடைசியில் விலை உயர்ந்ததாகிவிடுகிறது.

இனி, எந்தப் பொருளில் வாங்குவது? தொழில்முறை ஸ்டூடியோக்களில் அதிகம் தொங்குவது காகிதச் சுருள். ஒட்டோ தையலோ இல்லாத நீண்ட காகிதம். உயரத்திலிருந்து இறக்கித் தரையில் வளைத்து விட்டால், சுவர் எங்கே, தரை எங்கே என்ற கோடே தெரியாது. பளபளப்பும் இல்லை. பொதுவாகக் கிடைக்கும் அளவுகள் இரண்டு. 1.35 மீட்டர் அகலம் ஒருவர் உட்கார்ந்து எடுக்கப் போதும். 2.72 மீட்டர் அகலத்தில் ஒரு குடும்பமே நிற்கலாம். இரண்டிலும் நீளம் வழக்கமாக 11 மீட்டர். பத்தடி அறை என்பது 3.05 மீட்டர்தான். பெரிய சுருளையும் அதன் தாங்கிகளையும் விரித்தால் பக்கத்தில் விளக்கு வைக்க இடம் இருக்காது. வாங்குவதற்கு முன் அளவு நாடாவை எடுத்து அறையை அளந்து கொள்வது நல்லது.

காகிதம் அழுக்கானால் அந்தப் பகுதியை வெட்டி எறிய வேண்டியதுதான். இதைக் கேட்டதும் பலருக்கு மனம் வலிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். முழு உருவப் படத்துக்கு எப்போதும் மூன்றரை, நான்கு மீட்டர் கீழே தொங்க வேண்டும். மீதமுள்ள ஏழு மீட்டரை, ஒவ்வொரு படப்பிடிப்புக்கும் ஒரு மீட்டர் வீதம் வெட்டினால் ஏழு படப்பிடிப்புகள். சுருளின் விலை 280 வெள்ளி என்று வைத்துக் கொண்டால் ஒரு வேலைக்கு 40 வெள்ளி. கடைசியில் மிஞ்சும் நான்கு மீட்டர் மார்பளவுப் படங்களுக்கு இன்னும் பல நாள் வரும். இந்த நாற்பது வெள்ளியை வாடிக்கையாளரிடம் கேட்கும் விலையில் சேர்க்கத் தெரியாமல்தான் பல வீட்டுத் தொழில்கள் படுத்துவிடுகின்றன. சாயம் பூசிய காலுடன் தவழும் குழந்தையை எடுத்துவிட்டு, ஒரு மாத வருமானம் எங்கே போயிற்று என்று தேடுகிறார்கள்.

நம் நாட்டில் காகிதத்துக்கு வேறொரு பகைவன் உண்டு. ஈரக்காற்று. காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும் ஊர் இது. காகிதம் ஈரத்தைக் குடித்து அலை அலையாக நெளிந்துவிடும். ஒரு நாள் குளிர்சாதனம், மறுநாள் புழுக்கம் என்று மாறினால் இன்னும் மோசம். வேலை முடிந்ததும் சுருட்டி, அது வந்த பிளாஸ்டிக் உறையிலேயே போட்டு, நிமிர்த்தி வைக்க வேண்டும். கட்டிலுக்கடியில் படுக்க வைத்தால் நடுவில் தொய்ந்து, பிறகு எத்தனை விளக்கு போட்டாலும் அந்த அலை போகாது. குளியலறையை ஒட்டிய சுவரில் சாய்க்கவே கூடாது.

காகிதம் கட்டுப்படியாகாது என்பவர்களுக்குத் துணி இருக்கிறது. இங்கேதான் கண் தேவைப்படுகிறது. நல்ல கனமான பருத்தி மஸ்லின் துணி பல ஆண்டுகள் உழைக்கும், துவைக்கலாம். சுருக்கம்தான் அதன் குறை. மடிக்காமல் சுருட்டி வைத்து, தொங்கவிட்ட பின் பின்பக்கமிருந்து நீராவி காட்டினால் படிந்துவிடும். ஈரத்தோடு எடுத்து வைத்தால் பூஞ்சைப் புள்ளிகள் வரும். வந்தால் போகாது. கருப்பு வேண்டுமென்றால் வெல்வெட்டைத் தவிர வேறெதையும் பார்க்காதீர்கள். ஒளியை அப்படியே விழுங்கிவிடும். மற்றக் கருப்புத் துணிகள் விளக்கடியில் அழுக்குச் சாம்பலாகப் பல்லைக் காட்டும். வினைல் விரிப்பைத் துடைத்துப் பயன்படுத்தலாம் என்பதால் குழந்தைப் படங்களுக்குத் தரையில் விரிக்க ஏற்றது. பின்னால் தொங்கவிட்டால் விளக்கின் பளபளப்பு அடிக்கும். செங்கல் சுவர், புத்தக அலமாரி எல்லாம் அச்சடித்த திரைகளைப் பற்றி ஒரு வார்த்தை போதும். அச்சில் உள்ள சன்னலில் வெயில் இடமிருந்து வரும், பிள்ளையின் முகத்தில் வெளிச்சம் வலமிருந்து விழும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது. ஆனால் பொய் என்று தெரிந்துவிடும்.

துணியை இணையத்தில் படம் பார்த்து வாங்குவதைவிட, தலைநகரின் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் போன்ற துணிக்கடைத் தெருவுக்கு ஒரு நடை போய் வரலாம். சிங்கப்பூர்வாசிகளுக்கு அரபு தெரு இருக்கிறது. துணியை உயர்த்தி வெளிச்சத்துக்கு எதிராகப் பிடியுங்கள். அந்தப் பக்கம் நிற்பவர் தெரிந்தால் அது திரைக்கு ஆகாது. ஒரு முனையைக் கைக்குள் கசக்கிப் பத்து எண்ணிவிட்டுத் திறந்து பாருங்கள். நனைத்த வெள்ளைக் கைக்குட்டையால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். துணிகளின் அகலம் பெரும்பாலும் ஒன்றரை மீட்டர்தான் என்பதால், அகலமான திரை வேண்டுமானால் தையல் வரும். அந்தத் தையல் நடுவில் வந்தால் ஆளின் தலையில் கோடு முளைத்தது போலிருக்கும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, துணியைக் கடைவாசலுக்கு எடுத்து வந்து, பகல் வெளிச்சத்தில் உங்கள் புறங்கையை அதன்மேல் வைத்துப் பாருங்கள். கை உயிரோடு தெரிகிறதா, செத்துத் தெரிகிறதா?

இந்தக் கடைசிச் சோதனை மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. நம்மவர்களின் பழுப்பு நிறத்துக்கு ஆழ்ந்த சாம்பல், பாசிப் பச்சை, காவி கலந்த பழுப்பு, மயில் கழுத்து நீலம் ஆகியவை நன்றாகப் பொருந்துகின்றன. பொன் நகையும் பட்டுக்கரையும் அவற்றின் முன் எடுப்பாக இருக்கும். பளிச்சென்ற பச்சையோ சிவப்போ வேண்டாம். அருகில் உட்காருபவரின் கன்னத்திலும் தாடையிலும் அந்த நிறம் தெறித்து விழும். கருங்கூந்தலைக் கருப்புத் திரைமுன் எடுப்பதானால், பின்பக்கம் பக்கவாட்டிலிருந்து ஒரு சிறு விளக்கு தலைமுடியைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் முகம் மட்டும் அந்தரத்தில் மிதக்கும்.

இந்தத் தேடல் புதியதல்ல. சிங்கப்பூர் ஹில் ஸ்திரீட்டில் 1910 முதல் 1920-களின் தொடக்கம் வரை லீ பிரதர்ஸ் ஸ்டூடியோ இருந்தது. சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று எல்லாரும் அங்கே தீட்டிய திரைகளின் முன் உட்கார்ந்தார்கள். அந்தப் படங்களின் தொகுப்பு இன்று சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அமெரிக்கப் படக்கலைஞர் இர்விங் பென் 1950-இல் பாரிஸில் கிடைத்த பழைய நாடகக் கொட்டகைத் திரை ஒன்றைத் தம் தொழில் வாழ்க்கையின் இறுதிவரை பயன்படுத்தினார். உலகப் புகழ்பெற்ற முகங்கள் அந்த ஒரே பழந்துணியின் முன் உட்கார்ந்து எழுந்தன. அதுவும் சாம்பல் சாயல்தான்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் மேலே விசிறி சுழன்று கொண்டே இருக்கும். திரை பாய்மரம் போல் காற்றை வாங்கும். தாங்கிகள் இலேசான அலுமினியக் குழாய்கள். ஒரு வயதுப் பிள்ளை காகிதத்தின் நுனியைப் பிடித்து இழுத்தால் மேலே இருக்கும் கம்பியும் சேர்ந்து வரும். தாங்கியின் ஒவ்வொரு காலிலும் எடை கட்டியே ஆக வேண்டும். மணல் பை வாங்க வழியில்லை என்றால் ஐந்து கிலோ அரிசி மூட்டை இரண்டு போதும். வேலை முடிந்தால் சமையலறைக்குத் திரும்பிவிடும். வாடகை வீடாக இல்லாவிட்டால், சுவரிலேயே கொக்கி அடித்துக் கம்பியை மாட்டிவிடுவது இன்னும் மேல்.

கிள்ளான் அம்மையார் மூன்று மாதம் சீட்டுப் பணத்துக்குக் காத்திருந்தார். பணம் கைக்கு வந்ததும் 1.35 மீட்டர் சாம்பல் காகிதச் சுருள் ஒன்று வாங்கினார். சுவரில் கொக்கி அடித்துக் கொடுத்தவர் கணவர். முதல் வேலையாகப் பேத்திகளுக்குத் தொலைபேசியில் அழைத்து, பாட்டியைக் கூட்டி வரச் சொன்னார். காசு வேண்டாம் என்றார். பாட்டிக்கு அதற்குள் முழங்கால் வலி கூடியிருந்தது. “இன்னொரு தடவையா?” என்று அலுத்துக் கொண்டுதான் வந்தார்.

இம்முறை திரைக்கு ஒன்றரை மீட்டர் முன்னால் நாற்காலி. விசிறி நிறுத்தப்பட்டது. விளக்கு ஒன்றே ஒன்று, மெல்லிய வெள்ளைத் துணிக்குப் பின்னாலிருந்து. சாம்பல் அட்டையைப் பாட்டியின் கன்னத்தருகே பிடித்து அளந்து கொண்டார். “பாட்டி, கையை மடியில வைங்க. அப்படித்தான். சன்னல் பக்கம் பாருங்க.” வியர்வையைத் துடைத்துக் கொண்ட பாட்டி, “நாலு மரம் வெட்டிட்டு வந்திருப்பேன் இதுக்குள்ள” என்றார். பேத்திகள் சிரித்தார்கள். பாட்டியும் சிரிப்பதற்குள் படம் விழுந்துவிட்டது.

அச்சிட்டுச் சட்டம் போட்ட படத்தைப் பாட்டி மடியில் வைத்துக் கொண்டு பார்த்தார். வெள்ளை முடி ஒவ்வோர் இழையாகச் சாம்பலில் எழுந்து நின்றது. முகம் அதே கருப்பு, அதே சுருக்கங்கள். பாட்டி முகத்தை அதிக நேரம் பார்க்கவில்லை. விரலைக் கீழே கொண்டு போய், முன்கையில் வைத்துத் தடவினார்.

“தேளு இருக்கு” என்றார். பிறகு, இதே மாதிரி தன் தங்கச்சியையும் எடுக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டார்.